பல்லைக் கடித்துக்கொண்டு

"கொஞ்ச நாளைக்குப் பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு, எல்லாம் சரியாப் போயிடும்."

இந்த வாக்கியத்தைக் கேட்காத பெண்கள் நம் வீடுகளில் குறைவு. புகுந்த வீட்டுப் பேச்சு பொறுக்காமல் பையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்தவளிடம் சொல்வார்கள். குடிக்கிற கணவனோடு மல்லுக்கட்டுகிறவளிடம் சொல்வார்கள். பிரசவ அறையில் வலியில் கத்துகிறவளிடம்கூடச் சொல்வார்கள். ஆண்களிடமும் சொல்வதுண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவனுக்கு அது கடன் அடையும்வரை, வேலை மாறும்வரை என்று ஒரு கெடுவோடு வரும். பெண்ணுக்குச் சொல்லப்படும் அந்தக் 'கொஞ்ச நாள்' எப்போது முடியும் என்று யாரும் சொன்னதில்லை.

ஒருநாள் எனக்கு நேரடியான ஒரு கேள்வி வந்தது. உண்மையிலேயே பல்லைக் கடித்தால் எவ்வளவு விசை வரும்? பெண்ணின் கடிக்கும் ஆணின் கடிக்கும் வித்தியாசம் உண்டா? தேடிப் படித்தேன். 1993இல் ஃபின்லாந்தில் இரண்டு பல் மருத்துவ ஆய்வாளர்கள் ஆரோக்கியமான இளம்வயதினரின் கடைவாய்ப் பற்களுக்கு நடுவே ஒரு கருவியை வைத்து, முழு பலத்தோடு கடிக்கச் சொல்லி அளந்தார்கள். ஆண்களின் சராசரி 847 நியூட்டன். பெண்களின் சராசரி 597 நியூட்டன். நமக்குப் பழகிய கணக்கில் சொன்னால், ஏறத்தாழ 86 கிலோவும் 61 கிலோவும். அதாவது, 25 கிலோ அரிசிச் சிப்பம் இரண்டை ஏற்றி வைத்தால் வரும் அழுத்தத்தைவிட அதிகமாக ஒரு சாதாரணப் பெண்ணின் தாடை தருகிறது. ஆணின் கடியோடு ஒப்பிட்டால் அது பத்தில் ஏழு பங்கு.

இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு, 'பார்த்தீர்களா, இயற்கையே அப்படித்தான் படைத்திருக்கிறது' என்று முடித்துவிடலாம். பெண்ணுடல் பற்றிய பல எண்களுக்கு அதுதான் நடந்திருக்கிறது. நான் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க விரும்பினேன். இந்த எண்ணில் எவ்வளவு உடம்பு, எவ்வளவு வரலாறு? இருபது வயதில் அளந்த கடியும் ஐம்பது வயதில் அளந்த கடியும் ஒரே கதையைத்தான் சொல்கின்றனவா?

கதை கிரேக்கத்தில் தொடங்குகிறது. விலங்குகளைப் பற்றி எழுதிய நூலில் அரிஸ்டாட்டில், மனிதர், செம்மறி, வெள்ளாடு, பன்றி ஆகியவற்றில் ஆணைவிடப் பெண்ணுக்குப் பற்கள் குறைவு என்று எழுதிவைத்தார். உண்மையில் இருவருக்கும் வாயில் முளைக்கக்கூடியவை 32தான். ஞானப்பல் முளைக்காமல் போனால் சிலருக்கு எண்ணிக்கை குறையும். அது ஆணுக்கும் நேரும், பெண்ணுக்கும் நேரும். ஆனாலும் ரோமானிய எழுத்தாளர் பிளினி இதே கருத்தைத் தம் கலைக்களஞ்சியத்தில் திரும்ப எழுதினார். 1543இல் தம் உடற்கூறு நூலை வெளியிட்ட வெசாலியஸ்தான் இதை வெளிப்படையாக மறுத்தவர்களில் முக்கியமானவர். பல்லை எண்ணிப் பார்க்க யாருக்கும் தடையில்லையே என்பது அவர் வாதம். எண்ணிப் பார்த்து எழுதுவதற்கு ஏறக்குறைய 1,900 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

20ஆம் நூற்றாண்டில் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் இதை ஒரு நகைச்சுவையாக்கினார். அரிஸ்டாட்டில் இரண்டு முறை மணம் செய்தவர், ஆனாலும் தம் மனைவியரின் வாயைத் திறந்து பார்க்க அவருக்குத் தோன்றவில்லை என்று. சோதித்துப் பார்க்காமல் எதையும் நம்பாதே என்று மாணவர்களுக்குச் சொல்ல இன்றும் இந்தக் கதை பயன்படுகிறது. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சிரித்து முடித்ததும் ஒன்று உறுத்தியது. அந்த நகைச்சுவையிலும் மனைவியின் வேலை வாயைத் திறந்து காட்டுவது மட்டும்தான். எண்ணுகிறவர் கணவர். பித்தியாஸ் என்ற அந்தப் பெண்ணிடம் 'உனக்கு எத்தனை பல்?' என்று கேட்டிருந்தால் அவளே நாக்கால் தடவி எண்ணிச் சொல்லியிருப்பாள் என்பது ரஸ்ஸலுக்கும் தோன்றவில்லை.

இன்னொரு சாத்தியமும் உண்டு. அரிஸ்டாட்டில் ஒருவேளை எண்ணியே பார்த்திருக்கலாம். அவர் பார்த்த பெண்களின் வாயில் உண்மையிலேயே பற்கள் குறைவாக இருந்திருக்கலாம். விழுந்த பல்லை, முளைக்காத பல் என்று அவர் எழுதியிருக்கலாம். இதை நிரூபிக்க வழியில்லை, என் ஊகம்தான். ஆனால் விழுந்ததை முளைக்காததாக எழுதும் பழக்கம் அவரோடு முடிந்துவிடவில்லை.

கடியின் வலிமையை முதலில் அளந்தவராகச் சொல்லப்படுபவர் இத்தாலியக் கணிதவியலாளர் போரெல்லி. உயிரினங்களின் அசைவுகளை நெம்புகோல், கப்பி என்று கணக்கிட்டுப் பார்த்தவர். கடைவாய்ப் பற்களின் மேல் கயிற்றைப் போட்டு, கயிற்றில் எடைகளைக் கட்டித் தொங்கவிட்டு, திறந்திருக்கும் கீழ்த்தாடையை மூடி அந்த எடையைத் தூக்கச் செய்தார். 200 கிலோ வரை தூக்கப்பட்டதாக அவர் கணக்கு. அவர் இறந்த பிறகு, 1680-81இல் அந்த நூல் வெளிவந்தது. பட்டத்தைத் துறந்து ரோமில் வாழ்ந்த ஸ்வீடன் அரசி கிறிஸ்டினாதான் அவருக்கு ஆதரவு தந்தவர். நூலும் அவருக்கே காணிக்கை. அறிவியல் வரலாற்றில் பெண்கள் புரவலராகக் கொஞ்சம் சீக்கிரமாகவே இடம்பெற்றுவிடுகிறார்கள். அளக்கிறவராக வருவதற்குத்தான் தாமதமாகிறது.

அந்தத் தாமதத்தை ஒரே ஆண்டில் பார்த்துவிடலாம். 1895இல் அமெரிக்கப் பல் மருத்துவர் ஜி.வி. பிளாக், பற்களின் தன்மை பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். கடிக்கும் விசையை அளக்க ஒரு கருவி, உணவை நொறுக்கத் தேவையான விசையை அளக்க இன்னொரு கருவி என்று அவர் செய்து பார்த்தார். பல்லை அடைக்கும் பொருள் எவ்வளவு அழுத்தம் தாங்க வேண்டும் என்று தெரிய வேண்டியிருந்தது. இன்றும் பல் மருத்துவ நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறக்கும்போது, அந்தக் கணக்குகளின் பயன் நமக்குக் கிடைக்கிறது.

அதே 1895இல் எடின்பரோவில் லிலியன் மரே என்ற பெண் பல் மருத்துவராகத் தேர்ச்சி பெற்றார். பிரிட்டனில் அந்தத் தகுதியைப் பெற்ற முதல் பெண் அவர். திருமணத்துக்குப் பின் லிலியன் லிண்ட்ஸே. முதலில் அவர் லண்டனில்தான் இடம் கேட்டார். அங்கே கல்லூரித் தலைவர் அவரைக் கட்டடத்துக்குள்ளேயே விடவில்லை. மாணவர்களின் கவனம் சிதறும் என்று வெளியே நடைபாதையில் நிற்கவைத்துப் பேசி அனுப்பினார். பிற்காலத்தில் பிரிட்டிஷ் பல் மருத்துவச் சங்கத்தின் முதல் பெண் தலைவரானவரும் அவர்தான், 1946இல். பெண்களின் வாயை ஆராயலாம், பெண் ஆராயக்கூடாது என்பதுதான் அந்த நடைபாதையின் அர்த்தம்.

சரி, கருவிகள் என்ன சொல்கின்றன? கடி என்பது பாக்குவெட்டி போன்ற ஏற்பாடு. பாக்கைக் கீலுக்கு அருகே வைத்தால் எளிதாக வெட்டுப்படும், நுனியில் வைத்தால் வெட்டுப்படாது. தாடையின் கீல் காதுக்கு முன்னால் இருக்கிறது. அதனால்தான் முன்பல்லைவிடக் கடைவாய்ப் பல்லில் விசை பல மடங்கு அதிகம். இழுப்பவை மாசெட்டர் என்ற கன்னத் தசையும் நெற்றிப்பொட்டில் விரியும் தசையும் உட்புறத் தசைகளும். பல்லைக் கடித்துக்கொண்டு கன்னத்தில் கை வையுங்கள், கையில் தட்டுப்படும். சின்ன வயதில் ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் கடிவிசையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பருவமடைந்த பிறகுதான் ஆண்களின் தசை தடித்து, தாடையும் பல்லும் சற்றுப் பெரிதாகி, இடைவெளி உண்டாகிறது. இதுவரை உடம்பின் கதை. இதில் எனக்குச் சண்டை எதுவும் இல்லை.

இருபது வயதுக்குமேல் நாற்பது, ஐம்பது வரை கடிவிசை பெரிதாக மாறுவதில்லை. பிறகு இறங்குகிறது. எல்லோருக்கும் வயதாகிறது, எல்லோருக்கும் தசை தளர்கிறது என்று தோன்றும். ஆனால் ஒருவரின் வாயில் வயது செய்யும் மாற்றத்தைவிட, மீதமிருக்கும் பற்களின் எண்ணிக்கை செய்யும் மாற்றம் பெரிது. எல்லாப் பல்லையும் எடுத்துவிட்டுப் பல்செட் மாட்டியவரின் கடிவிசை, சொந்தப் பல் உள்ளவரின் கடிவிசையில் நான்கில் ஒரு பங்கு அல்லது ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். முப்பது வயதில் பல்லை இழந்த ஒருத்தி, கடியைப் பொறுத்தவரை, பல் உள்ள எழுபது வயதுக்காரரைவிட மூத்தவள். ஆகவே இங்கே கேட்க வேண்டிய கேள்வி மாறுகிறது: யாருடைய பல், எப்போது, ஏன் போகிறது?

அதற்குமுன் கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. அது அளப்பது தசையின் எல்லையை மட்டுமல்ல. பல் உடைந்துவிடுமோ என்ற பயம், ஈறு வலி, எதிரே நிற்பவரிடம் உள்ள கூச்சம் எல்லாம் சேர்ந்த பிறகு ஒருவர் கடிக்கத் துணிந்த அளவைத்தான் அது காட்டுகிறது. பல்லைக் காட்டிச் சிரிக்காதே என்று வளர்க்கப்பட்ட பெண்ணும், பல்லால் சோடா பாட்டிலைத் திறந்து காட்டிக் கைதட்டு வாங்கிய பையனும் ஒரே துணிச்சலோடு அந்தக் கருவியைக் கடிப்பார்களா? கின்னஸ் சாதனை ஏட்டில் 1986இல் ஃபுளோரிடாவில் பதிவான 442 கிலோ கடி ஒன்று உண்டு; கடித்தவர் ரிச்சர்ட் ஹாஃப்மன் என்ற ஆண். இரண்டு விநாடி நீடித்த அந்தக் கடியைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

வாழ்நாள் முழுக்க நீடித்த கடிகளை யாரும் சாதனை ஏட்டில் எழுதவில்லை. ஆர்க்டிக் பகுதி இனுயிட் பெண்களைப் பாருங்கள். சீல் தோலில் காலணி தைப்பது அவர்கள் வேலை. தடித்த அடித்தோலைப் பல்லால் மென்று மென்றுதான் வளைக்க வேண்டும். நனைந்து காய்ந்து விறைத்துப்போனால் மறுபடியும் மெல்ல வேண்டும். அந்தக் காலணி இல்லாமல் வேட்டைக்குப் போன ஆணின் கால் உறைந்துவிடும். 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் அளந்தபோது ஆர்க்டிக் மக்களின் கடிவிசை நகரத்து அமெரிக்கர்களைவிடக் கணிசமாக அதிகமாக இருந்தது. முதுமையில் அந்தப் பெண்களின் பற்கள் ஈறுவரை தேய்ந்துபோயிருந்ததையும் பயணிகள் எழுதியிருக்கிறார்கள். வேட்டைக்காரனின் வீரம் கதையானது. அவன் காலணிக்குள் போன பற்களுக்குக் கதை இல்லை.

லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் எட்கர் டெகா 1879இல் தீட்டிய ஓவியம் ஒன்று இருக்கிறது. பாரிஸ் நகரத்தின் ஃபெர்னாண்டோ சர்க்கஸ் அரங்கத்தின் உச்சியை நோக்கி ஒரு பெண் உயர்ந்துகொண்டிருக்கிறாள். கைகள் விரிந்திருக்கின்றன. கயிற்றின் முனை அவள் பற்களுக்கிடையே. அவள் மேடைப் பெயர் மிஸ் லா லா. இயற்பெயர் ஓல்கா ஆல்பர்டீனா பிரவுன். 1858இல் இன்றைய போலந்தின் ஷ்செசின் நகரத்தில் பிறந்த கலப்பினப் பெண். தலைகீழாகத் தொங்கியபடி ஒரு பீரங்கியைப் பல்லால் தாங்கிக்கொள்வாள். அந்த நிலையிலேயே பீரங்கி வெடிக்கப்படும். இதற்குக் கழுத்தும் தோளும் முதுகும் சேர்ந்து உழைக்க வேண்டும், தாடை மட்டும் போதாது. ஆனாலும் தாடை விட்டுவிட்டால் உயிர் போய்விடும். சுவரொட்டிகள் அவளைக் கறுப்பு வீனஸ் என்று விற்றன. இன்றைக்கும் பலருக்கு அது டெகாவின் ஓவியமாகத்தான் தெரியும், ஓல்காவின் உழைப்பாகத் தெரியாது.

அவளுக்குப் பிறகும் பல்லால் தொங்கும் வித்தையில் பெண்கள் பேர் வாங்கினார்கள். ஹங்கேரியில் பிறந்த டைனி கிளைன் 1932இல் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்துக்கு மேலே கம்பிவடத்தில் பல்லால் தொங்கியபடி சறுக்கிச் சென்றார். 1961இல், எழுபது வயதில், டிஸ்னிலாண்டின் இரவு வானத்தில் டிங்கர்பெல் தேவதையாகப் பறந்தவரும் இவர்தான். அங்கே பல்லால் அல்ல, உடம்பில் கட்டிய கச்சையில். எல்லாப் பெண்களாலும் இது முடியும் என்று நான் சொல்லவரவில்லை. சராசரி என்பது எல்லை அல்ல என்றுதான் சொல்கிறேன். தாடைத் தசையும் மற்ற தசைகளைப் போலத்தான். சில வாரங்கள் கெட்டியான கோந்தை மென்று பயிற்சி செய்தாலே கடிவிசை கூடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். என் அம்மாச்சிக்கு நான் பார்த்த நாளிலிருந்தே பல் கிடையாது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பைச் சின்ன இரும்பு உரலில் போட்டு 'ணங் ணங்' என்று இடித்துத்தான் வாயில் போட்டுக்கொள்வார். பக்கத்தில் தாத்தா கடலை உருண்டையைக் கடைவாயில் வைத்து நொறுக்கிக்கொண்டிருப்பார். தாத்தாதான் அம்மாச்சியைவிட ஒன்பது வயது மூத்தவர். "ஒங்களுக்கு மட்டும் ஏன் அம்மாச்சி பல்லு இல்ல?" என்று கேட்டிருக்கிறேன். "ஏழு பெத்தேன்ல, ஒவ்வொண்ணும் வரும்போது ஒண்ணு ரெண்டைக் கொண்டுபோயிருச்சு" என்பார். பிள்ளைகள் திருடிக்கொண்டு போனது போலச் சிரித்துக்கொண்டே சொல்வார். எனக்கு அது விளையாட்டுப் பேச்சாகத்தான் இருந்தது.

பின்னாளில் படித்தபோதுதான், பிள்ளைக்கு ஒரு பல் என்று ஆங்கிலத்திலும் ஜெர்மன் மொழியிலும் பழமொழியே இருப்பது தெரிந்தது. எங்கோ இருக்கும் தாய்களும் என் அம்மாச்சியும் ஒரே கணக்கைப் போட்டிருக்கிறார்கள். குழந்தை தாயின் பல்லிலிருந்து சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சிவிடுகிறது என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள். அது தவறு, முளைத்த பல்லிலிருந்து சுண்ணாம்பு அப்படி வெளியேறாது. நடப்பது வேறு. கர்ப்ப கால ஹார்மோன்களால் ஈறு வீங்கி ரத்தம் கசியும். அடிக்கடி வாந்தி எடுப்பதால் வயிற்று அமிலம் பல்லை அரிக்கும். உமிழ்நீரின் தன்மை மாறும். இவை உடம்பின் காரணங்கள். இவற்றோடு, மாசமாக இருப்பவள் பல்லைக் காட்டக்கூடாது என்ற பயம், கைக்குழந்தையோடு மருத்துவமனை வரிசையில் நிற்க முடியாத நிலை, தன் வலிக்குக் காசு கேட்கக் கூச்சம் எல்லாம் சேரும்போது சொத்தை பல்லையே கொண்டுபோய்விடும்.

2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு இந்தப் பழமொழியை நேரடியாகவே சோதித்தது. 14 ஐரோப்பிய நாடுகளிலும் இஸ்ரேலிலும் ஐம்பது வயதைக் கடந்த 34,843 பேரின் விவரங்களை எடுத்துக்கொண்டார்கள். முதல் இரண்டு பிள்ளைகளும் ஆணாகவோ பெண்ணாகவோ ஒரே பாலாக இருந்தால், பெற்றோர் மூன்றாவதற்கு முயல்வது அதிகம். அந்தத் தற்செயலை வைத்து, மூன்றாவது பிள்ளையின் விளைவைப் பிரித்துப் பார்த்தார்கள். அப்படி மூன்றாவதைப் பெற்ற தாய்களுக்குச் சராசரியாக நான்கு பற்கள் குறைவு. தகப்பன்களுக்குச் சொல்லும்படியான இழப்பு இல்லை. இரண்டும் பெண்ணாகிவிட்டால் மூன்றாவதாவது ஆணாக இருக்கட்டும் என்று நெருக்கும் நம் வீடுகளை நினைத்துக்கொண்டேன். ஆண் வாரிசுக்கான விலைப் பட்டியலில் இந்த நான்கு பல்லை யாரும் சேர்த்ததில்லை.

இது நேற்று தொடங்கியதும் அல்ல. தொல்மானிடவியலாளர் ஜான் லூகாக்ஸ், ஹரப்பாவில் கிடைத்த எலும்புக்கூடுகளின் பற்களை ஆராய்ந்திருக்கிறார். ஆண்களைவிடப் பெண்களிடம் சொத்தைப் பற்கள் அதிகம். வேட்டை வாழ்விலிருந்து விவசாயத்துக்கு மாறிய சமூகங்கள் பலவற்றில் இந்த இடைவெளி பெரிதாவதை அவர் காட்டுகிறார். மாவுச்சத்து உணவு கூடியதும் ஒரு காரணம், விவசாயத்தோடு பெண்கள் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடியதும் ஒரு காரணம் என்பது அவர் வாதம். சமைக்கிறவள் தானியத்தைக் கொறித்துக்கொண்டே இருப்பாள், இறைச்சி ஆணுக்குப் போகும் என்று உணவுப் பங்கீட்டை முன்வைப்பவர்களும் உண்டு. எதை ஏற்றுக்கொண்டாலும், பல்லில் எழுதப்பட்டிருப்பது வேலைப் பிரிவினையும் பிள்ளைப்பேறும்தான்.

வறுமையும் பிள்ளைப்பேறும் மட்டும்தான் காரணமா என்றால், என்னை அதிரவைத்த இன்னொரு வழக்கம் பிரிட்டனில் இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில், குறிப்பாகத் தொழிலாளர் குடும்பங்களில், இளம்பெண்ணின் பற்கள் எல்லாவற்றையும் பிடுங்கிப் பல்செட் கட்டிக்கொடுப்பது ஒரு பரிசாகவே கருதப்பட்டது. 21ஆவது பிறந்தநாளுக்கோ திருமணத்துக்கோ. பல் எப்படியும் கெடும், வைத்தியச் செலவு வரும், அந்தச் செலவு கணவன் தலையில் விழக்கூடாது என்பது கணக்கு. நம் ஊரில் நகையும் பாத்திரமும் போட்டு அனுப்புகிறார்கள், அங்கே பல்லை எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அந்த மணப்பெண்ணின் கடி ஒரே நாளில் கால் பங்காகிவிட்டது. எழுபது வயதுக் கடியோடு இருபத்தொரு வயதில் குடித்தனம் தொடங்கினாள். 1968இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கணக்கெடுத்தபோது, பதினாறு வயதைக் கடந்தவர்களில் 37 விழுக்காட்டினருக்குச் சொந்தப் பல் ஒன்றுகூட இல்லை.

பல்லைக் காப்பாற்றிக்கொள்ள அந்தப் பெண்களுக்கு வழியும் குறைவு. 1911இல் வந்த தேசியக் காப்பீட்டுச் சட்டம் சம்பளம் வாங்கும் தொழிலாளிக்குத்தான் மருத்துவ உதவி தந்தது. அவன் மனைவிக்கு இல்லை. வீட்டு வேலை வேலையாகக் கணக்கில் வராததன் விலையை அவள் வாய் கொடுத்தது. மார்ஜரி ஸ்பிரிங் ரைஸ் 1939இல் வெளியிட்ட தொழிலாளர் வீட்டு மனைவியர் பற்றிய நூல், 1,250 பெண்களின் உடல்நலத்தைப் பதிவுசெய்தது. அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன உபாதைகளில் சொத்தைப் பல்லும் பல்வலியும் முக்கியமானவை. கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் போட்டுவிட்டு மிஞ்சியதைச் சாப்பிடுகிற, தன் வலியைக் கடைசியில் வைக்கிற பெண்களை அந்த நூலில் சந்திக்கலாம். நம் அடுப்படிகளைத் தெரிந்தவர்களுக்கு அந்த மான்செஸ்டர், லண்டன் அடுப்படிகள் அந்நியமாகத் தெரியாது.

இந்தக் கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது. பல் விழாமல் இருக்கும் பெண்களும் பல்லைக் கடித்தே களைத்துப்போகிறார்கள். காதுக்கு முன்னால் உள்ள தாடை மூட்டில் வலி, வாயைத் திறந்தால் 'டக்' என்ற சத்தம், காலையில் எழும்போதே கன்னம் இறுகிக்கிடப்பது என்று மருத்துவர்களிடம் வருபவர்களில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். இதற்கு ஹார்மோன் முதல் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. மன அழுத்தத்தில் தூக்கத்திலும் விழிப்பிலும் பல்லை இறுக்கிக்கொள்வதும் அவற்றில் சேரும். 'பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு' என்பது நமக்கு உவமை. பலருடைய தாடைக்கு அது உவமை இல்லை.

ஆக, முதலில் கேட்ட கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான். பெண்ணின் கடி ஆணின் கடியைவிடக் குறைவு என்பது இளம்வயதுக்குப் பெரும்பாலும் தசையின் உண்மை. மெல்வதற்குத் தேவையானது அந்த உச்ச வலிமையில் சிறு பகுதிதான், ஆகவே அந்தக் குறைவால் எந்தப் பெண்ணும் பட்டினி கிடக்கவில்லை. அதற்குப் பிறகு குறைவதில் எத்தனை பிள்ளை பெற்றோம், யார் முதலில் சாப்பிட்டார்கள், யாருக்கு மருத்துவம் கிடைத்தது, யாருடைய வலி செலவாகப் பார்க்கப்பட்டது என்பதெல்லாம் கலந்திருக்கிறது. அதை வயது என்றும் இயற்கை என்றும் எழுதிவிடுவது, விழுந்த பல்லை முளைக்காத பல் என்று எழுதுவதைப் போன்றதுதான்.

இதைப் படிக்கும் மாணவிகளுக்கு ஒரு சின்ன வேலை. கர்ப்ப காலத்தில் பல் மருத்துவரைப் பார்க்கலாம், பார்க்க வேண்டும் என்று உங்கள் வீட்டில் சத்தமாகச் சொல்லிவைங்கள். பிறகு ஒருநாள் அம்மாவோடு, அம்மாச்சியோடு, அப்பத்தாவோடு உட்கார்ந்து கேளுங்கள். எத்தனை பல் இருக்கிறது, எது எப்போது போனது, அப்போது வயிற்றில் யார் இருந்தார்கள், வலித்தபோது யாரிடம் சொன்னார்கள், என்ன தின்ன ஆசைப்பட்டு விட்டுவிட்டார்கள் என்று. வாயைத் திறந்து காட்டச் சொல்ல வேண்டாம். கேட்டால் போதும், அவர்களே எண்ணிச் சொல்வார்கள். நான் என் அம்மாச்சியிடம் ஒரு முறைதான் கேட்டேன், அதுவும் விளையாட்டாக. ஏழு பிள்ளைகளில் எந்தப் பிள்ளைக்கு எந்தப் பல் என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்ளாமல் போனேனே என்று இப்போது நினைக்கிறேன்.